எண்ணுவதற்கு முன் சொல்லு

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கும் மேசையில் புதிதாக உட்காரும் பெண்ணுக்குக் கணக்கு எளிதுதான். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப்பருப்பு நின்றால் அது 240 கிரேடு. 300 முதல் 320 நின்றால் 320 கிரேடு. பருப்பு ஒன்றின் எடை முன்னதில் சுமார் 2 கிராம், பின்னதில் ஒன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அரைக் கிராமைக் கண்ணும் விரலும் பிடித்தாக வேண்டும். வாயால் சொல்லிக் கொடுத்து இது வராது. தவறிப் பார்த்துத்தான் வரும். ஆனால் தவறினால் மட்டும் வந்துவிடும் என்றும் இல்லை.

மூளை எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்றால், அந்த இடைவெளிதான் பாடம். 1972இல் ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சமன்பாடாகவே எழுதினார்கள்: இடைவெளியில் ஒரு பங்கு அடுத்த எதிர்பார்ப்பில் சேரும், இடைவெளி பூஜ்யம் என்றால் கற்பதும் பூஜ்யம். நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்தபோது இதே கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் செல்கள் துடித்தன. சாறு வரும் என்று விளக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் துடிப்பு விளக்குக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. டயான், மாண்டேக் ஆகியோருடன் 1997இல் அவர் எழுதிய கட்டுரை இதைக் கோவையாகச் சொன்னது.

மேசைக்கு இதன் பொருள் ஒன்றே: எண்ணுவதற்கு முன் தன் மதிப்பீட்டை அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 100 கிராம் அள்ளினால் 240 கிரேடு 49 முதல் 53 பருப்பு நிற்கும், 320 கிரேடு 66 முதல் 70. பெண் பிரித்து வைத்த குவியலிலிருந்து மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்து 100 கிராம் நிறுத்த வேண்டும். எண்ணுவதற்கு முன், “எத்தனை நிக்கும், சொல்லும்மா” என்று கேட்க வேண்டும். “அம்பது இருக்கும்க்கா” என்பாள். எண்ணினால் 57. அந்த ஏழுதான் மூளைக்குத் தீனி. முதலில் எண்ணிவிட்டு, “பாத்தியா, சின்னது கலந்திருக்கு” என்றால் அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். மனதுக்குள் நினைத்ததும் பயன்படாது. எண்ணிக்கை தெரிந்த மறுகணம், “நானும் அப்படித்தான் நெனைச்சேன்” என்று நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

“தப்பு” என்ற ஒற்றைச் சொல்லால் ஆவது கொஞ்சம்தான். விடை தவறு என்று தெரிந்து கால் நொடிக்குள், 250 மில்லிநொடி வாக்கில், நெற்றிக்கு மேல் உச்சந்தலைப் பக்கம் பதிவாகும் மூளையின் மின் அலையில் ஒரு சரிவு தெரியும். ஏதோ எதிர்பார்த்தபடி இல்லை என்பதை மூளை அதற்குள் குறித்துவிடுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆகவே 57 என்ற எண்ணைச் சொல்லி, அந்த 100 கிராமிலேயே சின்னப் பருப்புகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துக் காட்ட வேண்டும். திட்டினால், கண் பருப்பிலிருந்து மேஸ்திரியின் முகத்துக்குப் போய்விடும்.

பெரிய கேடு ஒன்று யாரும் கவனிக்காமல் நடக்கிறது. பழகும் குவியல்களை முன்கூட்டியே கிரேடு வாரியாகக் கலர் தட்டில் வைத்துவிடுகிறார்கள்: நீலத் தட்டு 240, சிவப்பு 320. விடையைத் தட்டே சொல்லிவிடுவதால் பருப்பின் பருமனில் மூளைக்கு வேலையில்லை. உளவியலாளர் லியான் காமின் 1960களில் எலிகளிடம் கண்டது இதுதான்: ஓர் அடையாளம் முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டால், கூடவே வரும் இரண்டாவது அடையாளம் மனதில் ஏறுவதில்லை. பழகும் வாரத்தில் எல்லாத் தட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும்.

தாமதமும் வேறு பாதையில் கொண்டுபோகும். சில நொடிகள் தள்ளிச் சொன்னாலே கற்றல், பழக்கங்களைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தைவிட, நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸைச் சார்ந்துவிடுகிறது. கைப்பழக்கத்துக்கு முதலாவது தேவை. சனிக்கிழமை கூலியோடு சேர்த்துச் சொல்லும் குறை இரண்டுக்கும் உதவாது.

உறுதியோடு சொன்ன தவறைக் கண்டு பயப்பட வேண்டாம். பொது அறிவுக் கேள்விகளை வைத்து பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2001இல் காட்டியது: “சத்தியமா இதுதான்” என்று சொன்ன தவறுதான், தயங்கிச் சொன்ன தவறைவிட எளிதில் திருந்துகிறது. வியப்பு கவனத்தை இழுக்கிறது. ஆனால் ஒரு வாரம் போனால் பழைய விடை திரும்பிவரப் பார்க்கும். ஆகவே அதே குவியலை எட்டாம் நாள் மறுபடி, சொல்லாமல், வைத்துக் கேட்க வேண்டும்.

தராசு நம்பத்தக்கதாக இருப்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரே குவியலுக்கு காலையில் 51, மதியம் 56 வந்தால் மூளை எண்ணிக்கையைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். தினமும் 100 கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். விருத்தாசலம் பக்கத்துக் கொட்டையிலிருந்து ஆப்பிரிக்கக் கொட்டைக்கு லாட்டு மாறினால், வேலை தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லி, முதல் அரை மணி நேரம் பத்து சாம்பிளாவது புதிதாகக் கேட்க வேண்டும்.