சிஸ்டர், அந்த ஊசி வேண்டாம்

என் தம்பிக்கு ஹீமோஃபிலியா ஏ, அதுவும் தீவிர வகை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் 8 அவன் உடம்பில் 1 சதவீதம்கூட இல்லை. முட்டி வீங்குவதும் கணுக்கால் வீங்குவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவசரப் பிரிவில் பார்த்தவுடனே சிறுநீரகக் கல் வலி என்றார்கள். நர்ஸ் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை சிரிஞ்சில் ஏற்றி, “கொஞ்சம் திரும்பிப் படுப்பா” என்றார். நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். அவர்மேல் தப்பில்லை, கல் வலி என்று வந்தால் வழக்கமாகப் போடுகிற ஊசிதான் அது. ஆனால் ரத்தம் உறையாதவர்களுக்குத் தசையில் ஊசி குத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டிவிடும், போதாக்குறைக்கு அந்த மருந்து ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களையும் சரியாக வேலை செய்யவிடாது. நரம்பு வழியாகப் பாராசிட்டமால் கொடுத்தார்கள், அது போதாமல் அப்புறம் டிரமடால்.

சிறுநீர் சிவப்பாகப் போனதும் நான் பையிலிருந்து, ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கிற டிரானெக்ஸாமிக் மாத்திரையை எடுத்தேன். பல் பிடுங்கினால் வீட்டிலேயே கொடுப்பதுதானே! நல்லவேளை, ஹெமட்டாலஜி (ரத்தநோய்) டாக்டரிடம் போனில் கேட்டேன். சிறுநீரில் ரத்தம் வரும்போது அதைக் கொடுத்தால் சிறுநீர்க் குழாய்க்குள் உறைந்த ரத்தம் கரையாமல் அடைத்துக்கொள்ளும், கொடுக்கவே கூடாது என்றார். இவர்களுக்குக் கல்லே இல்லாமலும் சிறுநீரில் ரத்தம் வரும், அந்த ரத்தக்கட்டி குழாயை அடைத்தால் வலி அப்படியே கல் வலி மாதிரிதான் இருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்கேன் எடுக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்கேனில் கல்தான், 8 மில்லிமீட்டர். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்துவிடலாமா, கத்தியே வைக்க வேண்டாமே என்று ஆசையாகக் கேட்டோம். கத்தி இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் அந்த அலை சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சேர்த்துக் கிழிக்கும், மற்றவர்களுக்குத் தானாக ஆறிவிடுகிற அந்தக் கசிவு இவனுக்கு நிற்காமல் சிறுநீரகத்தைச் சுற்றித் தேங்கிவிடலாம். முதுகில் துளை போட்டு எடுப்பது சிறுநீரகத்தையே குத்திக்கொண்டு போகிற வேலை. மிச்சம் இருந்தது, சிறுநீர் வருகிற வழியாகவே மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஹோல்மியம் லேசரால் கல்லைப் பொடிக்கிற யூரெட்ரோஸ்கோபி. ரத்தக்கசிவு நோய் உள்ளவர்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கங்களின் வழிகாட்டுதல்களும் இதைத்தான் முதலில் சொல்கின்றன.

அதற்காக ஃபேக்டர் 8 மருந்தை ஏற்ற வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஏற்றுகிற ஃபேக்டரை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகியிருக்கிறதா என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஃபேக்டர் அளவை 80 சதவீதத்துக்கு மேலே ஏற்றினார்கள். ஏற்றிய மருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் அடுத்தடுத்த நாட்களிலும் நேரம் தவறாமல் கொடுத்தார்கள். ரத்தம் பெரிதாகப் போகவில்லை.

கடைசியில் சிறுநீர்க் குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே ஒரு ஸ்டென்ட் (மெல்லிய குழாய்) வைத்து அனுப்புவார்கள். அதை எடுக்கிற அன்றைக்கும் ஃபேக்டர் வேண்டுமா என்று தேதி குறிக்கும்போதே கேட்டு வையுங்கள். எங்களுக்கு அது அன்று காலையில்தான் தோன்றியது, மருந்து வந்து சேரும்வரை அவன் வெறும் வயிற்றோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான்.