மேல் கொத்மலைக் கடன்: தகவல் கேட்டுப் பெற்ற அனுபவம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் அணையைப் பற்றி யாரைக் கேட்டாலும் "ஜப்பான்காரன் கட்டிக் குடுத்தது" என்றுதான் சொல்வார்கள். கட்டியதில் ஜப்பானிய நிறுவனங்களின் பங்கு பெரிது என்பது உண்மையே. ஆனால் அதற்கான பணம் கடனாக வந்தது என்பதும், அந்தக் கடனை இந்நாட்டு மக்களே அடைக்க வேண்டும் என்பதும் ஊர்ப்பேச்சில் வருவதில்லை. அணைக்காக இடம் மாற்றப்பட்ட ஏறத்தாழ 500 குடும்பங்களுள் என் உறவினர்களும் இருந்ததால், அந்தப் பணம் எந்த நிபந்தனையில் வந்தது, யார் எப்படித் திருப்பிச் செலுத்துகிறார்கள் என்பதை ஆவணமாகவே பார்த்துவிட வேண்டும் என்று எண்ணினேன். அதற்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே நான் சென்ற பாதையை, இதே வழியில் செல்ல விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

இலங்கையில் அணைகளுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் ஒரே வகையானதன்று. மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா பெருந்தொகையை நன்கொடையாகவே தந்தது. 1985 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து அதைத் திறந்து வைத்தார். கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. மேல் கொத்மலைக்கு வந்ததோ சலுகைக்கடன். 150 மெகாவாட் திறன் கொண்ட இத்திட்டத்துக்காக 2002 மார்ச்சில் ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு வங்கியுடன் 3,326 கோடி யென்னுக்குச் சற்று அதிகமான தொகைக்கு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 2010இல் மேலும் ஏறத்தாழ 455 கோடி யென் சேர்ந்தது. வட்டி ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முதல் கடனை அடைக்கும் காலம், அசலைத் திருப்பத் தேவையில்லாத 10 ஆண்டு சலுகைக்காலம் உட்பட 40 ஆண்டுகள். மலிவான கடன்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் யென்னில் வாங்கியதை யென்னில்தான் திருப்ப வேண்டும். ரூபாய் சரிந்தால் சுமை நம் தலையில்தான் ஏறும்.

இவ்வளவையும் தெரிந்துகொள்ள விண்ணப்பம் எதுவும் தேவைப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2008 முதல் இக்கடன்களைப் பொறுப்பேற்றிருக்கும், ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைக்கா நிறுவனம், தான் கடன் கொடுத்த திட்டங்களின் முன்மதிப்பீட்டையும் முடிந்தபிறகு செய்த மதிப்பீட்டையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கடன் கொடுத்த நாட்டின் வரிசெலுத்துவோருக்குக் கணக்குச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அவை. அணைக்குக் கீழே குடியிருப்பவன் தன் ஊர்ச் செய்தியைத் தோக்கியோவுக்குச் சொல்லப்பட்ட அறிக்கையில் படித்து அறிய வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. என்றாலும், எவரும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. எந்த ஆவணம் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எந்த ஆண்டு என்று தெரிந்த பிறகு கேட்டால், "அப்படி ஒன்று எங்களிடம் இல்லை" என்று சொல்வது அலுவலகத்துக்கு எளிதாக இராது.

அந்த அறிக்கைகளில் கிடைக்காதது, அரசின் நிதியைக் கையாளும் திறைசேரிக்கும் மின்சாரத் துறைக்கும் இடையிலான உள்நாட்டு ஏற்பாடு. இத்தகைய கடனை வாங்குவது அரசு. அதைத் துணைக்கடன் ஒப்பந்தம் ஒன்றின் மூலம் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மறுபடியும் கடனாகக் கொடுப்பது வழக்கம். அந்த இரண்டாம் கடனின் வட்டி எவ்வளவு, நாணய மாற்று இழப்பை ஏற்பது யார் என்ற இரண்டு கேள்விகளிலும் மின்கட்டணமும் வரியும் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே என் விண்ணப்பத்தில் துணைக்கடன் ஒப்பந்தத்தின் நகலையும், அதுவரை செலுத்தப்பட்ட தவணைகளின் பட்டியலையும் மட்டும் கேட்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், இந்த உரிமையைப் பிரசைகளுக்கே, அதாவது குடிமக்களுக்கே, அளிக்கிறது. அந்தச் சொல்லை வாசித்தபோது சற்று நின்றுவிட்டேன்: 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட என் தாத்தாவுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதும் தகுதியே இருந்திருக்காது. எனக்கு அந்தத் தடை இல்லை. ஏன் கேட்கிறேன் என்ற காரணத்தையும் சட்டப்படி நான் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினேன். அந்தச் சீட்டை மட்டும் யாரும் தொலைத்துவிடக் கூடாது. விண்ணப்பத்தை எப்போது அனுப்பினோம் என்பதற்கு அதுவே சான்று.

விண்ணப்பம் பெற்ற நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எனக்கு வந்த பதில் பாதி இணக்கமும் பாதி மறுப்புமாக இருந்தது. தவணைப் பட்டியலைத் தரலாம் என்றார்கள்; ஒப்பந்தத்தைத் தர முடியாது, அது வெளிநாட்டு அரசுடனான உறவைப் பாதிக்கக்கூடும் என்றார்கள். 5ஆம் பிரிவில் அப்படியொரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது மற்றொரு நாட்டிடமிருந்து இரகசியமாகப் பெற்ற தகவலைப் பற்றியது. நான் கேட்டதோ, இந்நாட்டின் இரண்டு அரச அமைப்புகள் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரம்.

மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேன்முறையீட்டில் கோபத்தைக் காட்டுவதால் பயனில்லை என்று அனுபவமுள்ள நண்பர் ஒருவர் எச்சரித்திருந்தார். அதனால் மூன்று வாதங்களை மட்டும் எழுதினேன்: ஒப்பந்தத்தின் இரு தரப்பும் உள்நாட்டினர், தகவலை வெளியிடுவதால் விளையும் பொதுநலன் அதனால் வரும் தீங்கைவிடப் பெரிதாயின் விதிவிலக்கு பொருந்தாது என்று 5ஆம் பிரிவே சொல்கிறது, மறைக்க வேண்டிய வரிகள் இருந்தால் அவற்றை நீக்கி மீதியைத் தர 6ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டத்தின் 9ஆம் பிரிவையும் நினைவூட்டினேன். ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களின் விவரத்தை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அமைச்சர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அது. மேல் கொத்மலை அச்சட்டத்துக்கு முந்தியது. ஆயினும் இனி வரும் கடன்களுக்கு விதி அதுவாக இருக்கையில், பழையதை மூடி வைப்பதற்கு நியாயம் என்ன என்று கேட்டேன்.

மூன்றாவது வாதம் பலித்தது. சில வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்ட நகல் தபாலில் வந்தது. முதல் நான்கு பக்கங்களுக்கு மேற்பட்டவற்றுக்குச் சிறு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மறைக்கப்பட்ட வரிகளுக்காகத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த மேன்முறையீட்டை அனுப்பிவிட்டேன்.

இதற்கிடையில் வேறொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது; 2024 ஜூனில், ஜப்பான் இணைத்தலைமை வகித்த கடன்கொடுநர் குழுவுடன் மறுசீரமைப்புக்கு உடன்பட்டது. அப்படியானால் என் கையிலிருக்கும் தவணைப் பட்டியல் பழையதாகியிருக்க வேண்டும். புதிய பட்டியலைக் கேட்டு இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது. இம்முறை ஒப்பந்தத்தைப் பற்றி எதுவும் எழுதாமல், ஆண்டுவாரியாகத் தொகைகளை மட்டும் கேட்டிருக்கிறேன்.