அண்ணன் மகளின் சாய்ஸ் லிஸ்ட்

பொறியியல் கவுன்சலிங்குக்குப் போகும் அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 வாங்கியிருக்கிறாள். கணிதத்தை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்ஆஃப் 200க்கு 178.5. இந்த மார்க்கில் ஒரு தொல்லை இருக்கிறது. எந்தப் பிரிவு கேட்டாலும் எங்கேயாவது ஓர் இடம் கிடைத்துவிடும். அதனால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

அண்ணன் உசிலம்பட்டியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். "இந்தக் காயில் வேலை என்னோட போகட்டும், புள்ள கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்கிறார். அவளோ ட்ரிபிள்ஈதான் (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) வேண்டும் என்கிறாள். சின்ன வயதிலிருந்து கடையில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சுற்று எண்ணிக் கொடுத்தவள். இரண்டு பேருமே கடையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. ட்ரிபிள்ஈ பாடத்தை இருவருமே பார்த்ததில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை இறக்கி, நேராக மூன்றாம் செமஸ்டரைத் திறந்தேன். முதல் வருடத்தைப் பார்த்துப் பயனில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், டிராயிங் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாம் செமஸ்டரில்தான் பிரிவின் குணம் தெரியும். ட்ரிபிள்ஈயில் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் வருகிறது, கூடவே எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸும் வருகிறது. அது முழுக்க வெக்டர் கால்குலஸ். கடையில் கம்பி சுற்றிய பழக்கம் அங்கே உதவாது. இதைச் சொன்னதும் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். "கணக்குதானே அத்தை" என்றாள். சரி, அப்படியானால் பேசலாம்.

சிஎஸ்இயின், அதாவது அண்ணன் சொல்லும் கம்ப்யூட்டர் பிரிவின், மூன்றாம் செமஸ்டரில் டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். ஏஐ என்று பெயர் போட்ட பிரிவிலும் அடித்தளம் பெரும்பாலும் இதேதான். பெயருக்காக ஒரு நல்ல கல்லூரியை விட்டு சுமாரான கல்லூரிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-25இல் எடுத்துவிட்டது. இடம் கூடிய அளவுக்கு ஆசிரியரும் லேபும் கூடியிருக்கிறதா என்று கல்லூரிக்கே போய் விசாரிக்க வேண்டும். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) "ரெண்டு பக்கமும் போகலாம்" என்று மாமாக்கள் தள்ளிவிடும் பிரிவு. போகலாம்தான். ஆனால் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஃபூரியர் கணக்குகளோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

"நீங்க சிவில் படிச்சுட்டு எனக்கு ஏன் சிவில் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு மதுரையில் ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகத்தில் வேலை. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஸ்டாட் ப்ரோ என்ற டிசைன் மென்பொருள் முன்னால்தான் இருப்பேன், காங்கிரீட் போடும் நாளில் சைட்டுக்குப் போவேன். பெண்ணுக்கு வெயிலில் வேலை என்று பயமுறுத்துபவர்கள் இதைப் பார்த்ததில்லை. சம்பளம் மெதுவாக ஏறும் என்பது மட்டும் உண்மை. அவளுக்கு சிவிலில் ஆசை இல்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம் லிஸ்ட் போட உட்கார்ந்தோம். அண்ணன், கிடைக்கக்கூடியதை முதலில் போடு, மேலே ஆசைப்பட்டு இருப்பதையும் விட்டுவிடாதே என்றார். கவுன்சலிங் அப்படி நடப்பதில்லை. நம் ரேங்க் வரும்போது லிஸ்டை மேலிருந்து பார்ப்பார்கள், எது காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். கிடைக்காததை மேலே போட்டதற்குத் தண்டனை ஒன்றும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே போட்டால்தான் ஆபத்து, அதையே தந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி ட்ரிபிள்ஈ முதலில், கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ட்ரிபிள்ஈ அடுத்து. கீழே இசிஇ சில, கடைசியில் அண்ணனுக்காக சிஎஸ்இ ஒரு நீளமான வரிசை. தியாகராஜர் தன்னாட்சிக் கல்லூரி. அங்கே பாடத்திட்டம் வேறு, அதைத் தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறுகிறேன் என்று ஒரு வழி உண்டு. மேலே கிடைத்துவிட்டால் முதலில் வந்தது தானாகப் போய்விடும். எனவே மேலே இருப்பவை எல்லாம் உண்மையிலேயே வேண்டியவைதானா என்று லாக் செய்யும் முன் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இன்று இரவு அண்ணனும் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.