தேக்குக் கடிகாரமும் ஐப்பசி மழையும்

மரத்தில் கடிகாரம் செய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாரோட்டத்தை. ஒற்றைப் பலகையில் சக்கரத்தை வட்டமாக அறுத்தால் இரு பக்கத்துப் பற்கள் நார் நீளத்தில் உறுதியாக நிற்கும். மற்ற இரு பக்கத்துப் பற்கள் நாருக்குக் குறுக்கே அமைந்துவிடும். நகத்தால் நெம்பினாலே பிய்ந்து வரும்.

இங்கிலாந்தின் தச்சர் ஜான் ஹாரிசன் 1713-இல், இருபது வயதில், தம் முதல் மரக்கடிகாரத்தைச் செய்தார். ஓக் சக்கரங்களின் விளிம்பில் பற்களைத் துண்டு துண்டாகப் பதித்தார். எல்லாத் துண்டிலும் நார் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும். எனக்கு அவரே ஆசான். பழைய நிலைச்சட்டத்துத் தேக்கைத் துண்டுகளாக அறுத்து, பின்னால் மெல்லிய ப்ளைவுட் வட்டம் ஒட்டி, அவர் வழியிலேயே சக்கரங்களைச் செய்தேன்.

ஊசல் ஏறத்தாழ 99.1 செ.மீ. நீளம். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி. ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் இரண்டு விநாடியில், அது விடுவிக்கும் சக்கரம் ஒரு பல் நகரும். அதற்கு 30 பற்கள், ஆகவே நிமிடத்துக்குச் சரியாக ஒரு சுற்று. விநாடி முள்ளை அந்த அச்சிலேயே நேராகச் செருகிவிடலாம். இந்தக் கணக்கின் அழகில் எனக்குத் தீராத ஆசை.

நேரம் திருத்துவது ஊசல் குண்டுக்குக் கீழே உள்ள நான்கு மி.மீ. நட்டில். ஒரு முழுச்சுற்று இறக்கினால் குண்டு 0.7 மி.மீ. தாழும், நாளொன்றுக்குச் சுமார் 30 விநாடி மெதுவாகும். கால் சுற்று திருப்பிவிட்டு ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். அவசரம் இங்கே செல்லாது.

எங்கள் நாகர்கோவிலுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் குடித்த மரம் நாருக்குக் குறுக்கேதான் பருக்கும், நீளத்தில் அசைவு மிகக் குறைவு. அதனால் அச்சுகளை மேலும் கீழுமாக, கடிகாரச் சட்டத்தின் நார் நீளத்திலேயே வரிசையாக வைத்தேன். பற்களின் கடி மழையிலும் மாறவில்லை. அச்சுத் துளைகளில் பித்தளைக் குழல் அடித்திருக்கிறேன். சட்டத்துக்கு அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு. பல்முகங்களில் மட்டும் பூசவில்லை.

எண்ணெய் விடவே கூடாது. தூசியைப் பிடித்து வைத்துப் பல்லைத் தேய்த்துவிடும். பென்சில் கரியைப் பொடித்து அச்சுகளில் தடவினால் போதும். மாதம் ஒரு முறை உலர்ந்த தூரிகையால் பல்லிடுக்குகளைத் துடைக்கிறேன்.

பல் உடைந்தாலும் சக்கரத்தை எறிய வேண்டாம். அந்த ஒரு துண்டை உளியால் சீவி எடுத்துப் புதியதைப் பதிக்கலாம். அதற்கென்றே அதே பலகையின் மிச்சத் துண்டுகளை, எந்தச் சக்கரத்துக்கு எது என்று எழுதி, பெட்டியில் வைத்திருக்கிறேன்.