கதாநாயகிக்கு வேலை கிடைத்த அத்தியாயம்

கிராமத்துக் காதல் நாவல் ஒன்றைப் பதினோரு அத்தியாயம் வரை தடையில்லாமல் எழுதிவிட்டேன். பன்னிரண்டில் நின்றது. அவனும் அவளும் சண்டை போட்டுப் பிரிந்திருக்கிறார்கள், வாய்க்கால் கரையில் மறுபடி சந்திக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. தினமும் காலையில் உட்கார்ந்து நான்கு வரி எழுதுவேன், மாலையில் அதையே அடிப்பேன். இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

நேரத்தை மாற்றிப் பார்த்தேன். கணினியை மூடிவிட்டு நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் எழுத்தின் பக்கமே போகாமலும் இருந்தேன். எதுவும் உதவவில்லை. பதிப்பகத்துக்குச் சொன்ன தேதி நெருங்க நெருங்க, எனக்குக் காதலே எழுத வராது என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம்தான் முடக்கத்தைவிட மோசமானது. எழுத உட்காரும் முன்பே கையைப் பின்னால் இழுத்துவிடும்.

ஒருநாள் சித்திக்கு முதல் பதினோரு அத்தியாயங்களையும் வாசித்துக் காட்டினேன். வயல் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “எல்லாம் சரிதான்ப்பா. அந்தப் பொண்ணு எப்பதான் வேலைக்குப் போவா?”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. திரும்பப் படித்தால், அவள் வரப்பில் நடக்கிறாள், நிற்கிறாள், அவனைப் பார்க்கிறாள். குனிந்து ஒரு களை பிடுங்கவில்லை. நான்காம் அத்தியாயத்தில் நட்ட நெல் ஒன்பதாம் அத்தியாயத்தில் அறுவடையாகிறது. கதையில் இடையே ஓடியதோ இரண்டே வாரம். வயலை வெறும் படுதாவாகத் தொங்கவிட்டிருந்தேன்.

தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொல்வதை மாணவனாக மனப்பாடம் செய்திருக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். கூடலும் பிரிவும் ஊடலும் உரிப்பொருள். நடுவில் இருக்கும் கருப்பொருளில் தெய்வம், உணவு, மரம், பறவையோடு மக்கள் செய்யும் தொழிலும் உண்டு. நான் நிலத்திலிருந்து நேராகக் காதலுக்குத் தாவியிருந்தேன். வயலும் வரம்புமான மருதத்துக்கு ஊடலை உரியதாக வைத்ததை அப்போதுதான் ஒரு எழுத்துக்காரனாக யோசித்தேன்.

மறுநாள் நாவலுக்கு ஒரு பயிர்க் கணக்குப் போட்டேன். குறுகிய கால நெல், சுமார் 115 நாள். நாற்றங்காலில் மூன்று வாரம், அப்புறம் நடவு. நட்ட பதினைந்தாம் நாள் வாக்கில் முதல் களை, முப்பதில் இரண்டாவது. பிறகு தண்டுக்குள் கதிர் திரண்டு பொதி கட்டி, வெளிவந்து, பூத்து, பால் பிடித்து முற்ற வேண்டும். பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். எந்த நாளில் யார் வயலில் இருப்பார்கள், யாருக்கு அங்கே வர வேலை இல்லை என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் சந்திக்க நான் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

சண்டையும் மாறியது. முதலில் எழுதியதில் ஒரு கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பிரிகிறார்கள். அது எந்த ஊர்க் கதையிலும் நடக்கும். புதிய வடிவில், முறைத் தண்ணீர் அவளுடைய நாற்றங்காலுக்கு வரவேண்டிய இரவில் அவன் மடையை முன்னதாகத் தன் பக்கம் திருப்பிவிடுகிறான். அவன் வயலும் காய்ந்துதான் கிடக்கிறது. விடியற்காலையில் வெளுத்துப்போன நாற்றைப் பார்த்து நிற்கும் அவளுடைய கோபத்துக்கு நான் ஒரு வார்த்தைகூட ஜோடிக்கவில்லை.

நெல் பூப்பது காலை வெயில் ஏறும் நேரத்தில். ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம் போலத் திறந்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அவர்கள் சமாதானமாகும் காட்சியை வாய்க்கால் கரையிலிருந்து எடுத்து அந்த ஒரு மணி நேரத்துக்குள் வைத்தேன். பேச வேண்டியதைப் பேச அவர்களுக்கு அவ்வளவுதான் பொழுது. இரண்டு மாதமாக வராத காட்சி இரண்டே காலையில் முடிந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இருபதாம் அத்தியாயத்தில் மறுபடி நின்றேன். ஆனால் இந்த முறை வார்த்தையைத் தேடிக்கொண்டு உட்காரவில்லை. இன்றைக்கு அவள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். கதிர் அரிவாள் இருந்தது. எழுத்து நகர்ந்தது.

திருத்திய அத்தியாயங்களைச் சித்திக்கு வாசித்தபோது, நாற்றுப் பறிக்கும் இடத்தில் நிறுத்தினார். “நாள் பூரா சேத்துத் தண்ணியில பறிச்சா நகக்கண்ணெல்லாம் எரியுமே. அந்த விரலோட அவன் கையை எப்படிப் பிடிச்சா?”

அந்தப் பக்கத்தை அன்றிரவே மாற்றி எழுதினேன்.