பகடைக் கணக்கும் பிறவித் திறனும்: தொகுதி 4 தேர்வு அனுபவம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் தொகுதி 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்ற பகுதியைச் சேர்ந்தவை. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் அப்பகுதிக்கு மட்டும் 37.5 மதிப்பெண்கள். "கணக்கு என்பது பிறவியிலேயே வர வேண்டும், நமக்குத் தமிழும் பொது அறிவும் போதும்" என்று முடிவுகட்டி, முதல் இரண்டு முறையும் அதைப் படிக்காமலேயே தேர்வெழுதினேன். இரண்டு முறையும் தரவரிசையில் வெகுவாகப் பின்தங்கினேன்.

என் தங்கைக்கு அந்தத் திறன் இயல்பாகவே உண்டு. ஒரு பகடையின் இரு நிலைகளைப் படத்தில் காட்டினால், மனத்துக்குள்ளேயே அதைத் திருப்பிப் பார்த்து எந்த எண்ணுக்கு எதிரே எது என்று சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியாது. எனக்கோ மனத்தில் உருவமே நிற்காது. ஆகவே துணி சோப்பில் ஒரு துண்டைக் கனசதுரமாக நறுக்கி, ஆறு பக்கங்களிலும் குண்டூசியால் எண்களைக் கீறி, ஒரு வாரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் படத்தில் 1, 2, 3 என்றும், இரண்டாம் படத்தில் 1, 2, 4 என்றும் இருந்தால், பொதுவான இரண்டையும் நீக்கிய பின் எஞ்சும் 3-ம் 4-ம் எதிரெதிர்ப் பக்கங்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்றும் என் மனத்தில் பகடை சுழல்வதில்லை. ஆனால் விடை சில நொடிகளில் வந்துவிடுகிறது.

இயல்புத்திறன் என்பது ஒன்று நமக்கு எத்தனை விரைவில் பிடிபடுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. பிடிபடவே பிடிபடாது என்று அது தீர்ப்பு எழுதுவதில்லை. தட்டச்சு வகுப்பில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்றால், சிலருக்கு விரல் சீக்கிரம் ஓடும், சிலருக்கு மாதங்கள் கூடுதலாகும். ஆனால் தட்டச்சு என் பிறவியில் இல்லை என்று யாரும் எழுந்து போவதில்லை. கணக்குக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இயல்புத்திறன் மட்டும் போதும் என்பதும் சரியன்று. ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 18 நாளிலும் முடிப்பார்கள் என்றால் இருவரும் சேர்ந்து எத்தனை நாள்களில் முடிப்பார்கள் என்ற கணக்கைத் தங்கை பின்னங்களாகவே மனத்தில் கூட்டித் தடுமாறுவாள். மொத்த வேலையை மீச்சிறு பொது மடங்கான 36 பங்காகக் கொண்டு, நாளுக்கு 3-ம் 2-ம் ஆக 5 பங்கு, எனவே 7 1/5 நாள்கள் என்று நான் அவளுக்கு முன்பே முடித்துவிடுவேன்.

புதிதாகத் தயாராகிறவர்கள், தவறவிட்ட ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே "முறை தெரியவில்லை" அல்லது "முறை தெரிந்தும் நேரம் போதவில்லை" என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். முதல் வகைக்கு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களே மருந்து; இரண்டாம் வகைக்குக் கடிகாரத்தை எதிரே வைத்துச் செய்யும் பயிற்சி. என் குறிப்பேட்டில் முதல் மாதத் தவறுகளில் முக்கால்வாசி முதல் வகையாகவே இருந்தன.