ஆங்கில ஐயா நடத்திய ஒரு பாடவேளை

நம் ஆங்கில ஐயா மறைந்த செய்தி மெல்போர்னில் இருக்கும் எனக்குப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு வழியாக வந்து சேர்ந்தது. அவரைப் பற்றி எழுத எவ்வளவோ இருந்தும், ‘வேஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்காக அவர் செலவிட்ட பாடவேளையே என் நினைவில் முந்தி நிற்கிறது.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அது. கணக்கு விடைத்தாளை என் கையில் கொடுத்த ஆசிரியர், வகுப்பு முழுவதும் கேட்கும்படி “நீ வேஸ்ட்” என்றார். அடுத்த பாடவேளைக்கு வந்த ஐயா, நான் தலைநிமிராதிருந்த காரணத்தைப் பக்கத்து மாணவனிடம் கேட்டறிந்து, அன்றைய செய்யுளை ஒதுக்கிவிட்டு, அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். அதை எங்கெங்கே கேட்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் நூற்பில் கழியும் பஞ்சைச் சொன்னான். லேத் பட்டறைக்காரர் மகன், கிரீஸைத் துடைக்கும் நூலுருண்டைக்கு அதுவே பெயர் என்றான். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவுப்பால் பிரித்தபின் மிஞ்சும் திப்பியை நான் சொன்னேன். அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள் என்பதையும் என் வாயாலேயே வரவழைத்தார்.

பிறகு அவர் தொடர்ந்தார். வெறுமை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால் பாலைவெளிக்கும் அது பெயராயிற்று. நோயில் உடல் உருகுவதும் அதுவே. குத்தகைதாரர் நிலத்துக்குச் செய்யும் நிலையான சேதத்தையும் ஆங்கிலச் சட்டம் அச்சொல்லால்தான் குறிக்கும். ஏரி நிரம்பியபின் மிகைநீர் வெளியேறும் கலிங்குக்கும் பழைய பொறியாளர்கள் அதையே சேர்த்துப் பெயரிட்டார்கள். கலிங்கு இல்லாத ஏரியின் கரை என்னவாகும் என்று அவர் கேட்டபோது, கிராமத்திலிருந்து வந்த நாங்கள் அனைவரும் ஒரே குரலில் பதில் சொன்னோம்.

அவர் மிகுந்த நேரம் செலவிட்டது நிலவரிக் கணக்கில்தான். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் அதற்கு வடக்கிலுள்ள பாராமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததையும், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலமளந்து தீர்வை விதித்ததையும் விரிவாகச் சொன்னார். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இருப்பவை இரண்டும் ஆங்கிலத்தில் ‘வேஸ்ட்’தான்; ஊர் மாடுகள் மேய்ந்ததும் ஏழைகள் விறகு பொறுக்கியதும் அந்த நிலங்களில்தான். பயனில்லை என்று எழுதும்போது யாருக்குப் பயனில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். என் பெயரை அவர் ஒருமுறையும் குறிப்பிடவில்லை. அந்த நாகரிகத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் தந்த ஆங்கிலமே என்னைக் கடல் கடத்தியது. அப்பா காலமானபின் எங்கள் மேட்டுக்காட்டில் குச்சி நடுவாரில்லை. ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் தரிசு என்று பதிவாகியிருப்பதாகத் தங்கை சொன்னாள். நல்ல செம்மண் அது. ஊரிலேயே தங்கியிருக்கலாம் என்ற எண்ணம் முன்பும் வந்ததுண்டு. இப்போது அடிக்கடி வருகிறது. கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறதாம். குத்தகைக்கு ஆள் பார்க்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு யாரையேனும் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.